இரண்டாவது வாத்தியார்

நான்காவது கருவியையும் வேண்டாம் என்று கிளட்ச் வாத்தியார் தள்ளி வைத்தபோது, கடைக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

கல்யாணத்துக்கு முன்னால் தன்னிடம்கூட இந்த மனிதர் இத்தனை கேள்வி கேட்கவில்லையே என்று பக்கத்தில் நின்ற மனைவிக்கு ஆச்சரியம்.

டிரைவிங் ஸ்கூல் வைத்து முப்பது வருடம். ஊரில் பாதிப் பேர் அவரிடம் கார் ஓட்டப் படித்தவர்கள்தான். அவர்களுக்கு இன்னமும் தூக்கத்தில் "கிளட்ச், கிளட்ச்" என்று அவர் கத்துவது கேட்கிறதாம். பெயர் வந்த கதை அதுதான்.

அப்பேர்ப்பட்டவர் காருக்கு வழி சொல்லும் கருவி வாங்கக் கிளம்பினால் தெரு சும்மா இருக்குமா? போனே ஓசிக்கு வழி சொல்லுமே என்று எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரர் வாயைக் கிளறிப் பார்த்தார்.

"போன் அடிச்சா வழி மறைஞ்சிரும்" என்றார் வாத்தியார்.

கவலையெல்லாம் மனைவிக்குத்தான்.

அவள் லைசென்ஸ் வாங்கிப் பதினொரு வருடம் ஆகிறது. தனியாக ஓட்டியது என்றால், கழுவுவதற்காகக் காரைக் கேட்டுக்கு வெளியே எடுத்ததும், கழுவிவிட்டு உள்ளே விட்டதும்தான். மற்றபடி எங்கே போனாலும் பக்கத்துச் சீட்டில் அவர். ஹாரன் அடி. ஏன் அடிக்கிறாய். கண்ணாடியைப் பார். கண்ணாடியில் என்ன பார்வை, ரோட்டைப் பார்.

அவளுக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று. ஊரின் மறுகோடியில், முழங்கால் ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கும் அக்காவோடு ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து பேச வேண்டும்.

அவரோடு போனால் அரை மணி நேரத்தில் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு வாசலில் நிற்பார். வாடகை வண்டியில் போகலாம் என்றால், வாத்தியார் பெண்டாட்டிக்கு ஓட்ட வராது என்று ஊர் பேசுமாம். தவிரவும், அக்காவிடம் சொல்ல வேண்டியதில் முக்கால்வாசி அவரைப் பற்றியது. ஆளை எதிரே வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

இப்போது ஒரு வாத்தியார் போதாதென்று இன்னொரு வாத்தியாரையும் காரில் ஏற்றப் பார்க்கிறார். இவர் திட்டுவார், அது ஒத்து ஊதும்.

முதல் கருவி, முனைக்கு வந்த பிறகுதான் திரும்பச் சொல்கிறது என்று கழிந்தது. இரண்டாவது, மூச்சு விடாமல் பேசுகிறதாம். மூன்றாவதன் குரலில் அதட்டல் இருக்கிறதாம். யார் சொல்வது பாருங்கள். நான்காவதில் எழுத்து பொடியோ பொடி.

ஐந்தாவதை வாத்தியாரின் காரிலேயே ஒட்டவைத்து, ஓட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் கடைக்காரர். வாத்தியார் ஓட்ட, கடைக்காரர் பக்கத்தில். மனைவி பின்சீட்டில்.

கருவி இடதுபக்கம் திரும்பச் சொன்னது. வாத்தியார் வலதுபக்கம் திரும்பினார்.

நேராகப் போகச் சொன்னது. சந்துக்குள் நுழைந்து, ஒரு மரக்கடையின் சுவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

கடைக்காரர் சீட் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ஏங்க, கண்ணு தெரியலையா, காது கேக்கலையா? ரெண்டுல எது?" என்றாள் மனைவி. பதினொரு வருடத்தில் கிடைத்த முதல் வாய்ப்பு. விடுவாளா?

ஐந்து முறை தப்பாகத் திரும்பினார். ஐந்து முறையும் கருவி ஒரு வினாடி மௌனமாக இருந்துவிட்டு, அதே குரலில், அங்கிருந்து எப்படிப் போக வேண்டும் என்று சொன்னது.

வாத்தியார் காரை ஓரங்கட்டினார். அந்தச் சின்னத் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ரெண்டாவது தப்புக்கே வாய் நீண்டுரும்" என்றார், யாரிடமோ சொல்வதுபோல். "இதையே குடுங்க."

பொருத்த வந்த எலக்ட்ரீஷியன் பட்ட பாடு தனிக்கதை. மூன்று முறை கழற்றி மாட்டினார். மனைவியை ஸ்டீயரிங் முன்னால் உட்காரவைத்து, அவள் கண்மட்டத்துக்கு நான்கு விரல் கீழே என்று வாத்தியார் அளந்து காட்டினார். ஒயர் அவள் காலில் தட்டக் கூடாது. வெயில் திரையில் விழக் கூடாது.

"சார், இப்படித் திருப்பி வெச்சா நீங்க உக்கார்ற பக்கம் ஒண்ணுமே தெரியாதே" என்றார் எலக்ட்ரீஷியன்.

"தெரியலைன்னா போகுது."

வீம்பு என்று நினைத்தாள் மனைவி. பார்க்காமலே வழி சொல்வேன் என்கிற வீம்பு.

ஞாயிற்றுக்கிழமை காலையில், அக்கா வீட்டுக்குக் கிளம்பச் சொல்லி அவரே ஆரம்பித்தார். அவள் காரை வெளியே எடுத்து, அவருக்காகக் காத்திருந்தாள். ஒரே காரில் இரண்டு வாத்தியார்கள் எப்படிக் குப்பை கொட்டப் போகிறார்கள் என்று பார்க்க, மருந்துக்கடைக்காரர் பல் தேய்க்கிற பிரஷ்ஷோடு வாசலுக்கே வந்துவிட்டார்.

வாத்தியார் பக்கத்துக் கதவைத் திறந்தார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அவர் குனிந்து, ஆரஞ்சுப் பழப் பையைச் சீட்டில் உட்காரவைத்தார். பைக்கு பெல்ட்டை மாட்டினார். கதவைச் சாத்தினார்.

சாத்திவிட்டு, வெளியேதான் நின்றார்.

"சாயங்காலம் வந்தாப் போதும்" என்றார் ஜன்னல் வழியாக. "என்னைப் பத்திக் கொஞ்சம் கொறச்சே சொல்லு."

கார் தெருமுனையில் திரும்பி மறையும்வரை வாத்தியார் ஆடாமல் அசையாமல் நின்றார் என்று மருந்துக்கடைக்காரர் இன்றுவரை சொல்லிக்கொண்டு திரிகிறார்.

அது சரியில்லை. பின்கண்ணாடியில் பார்த்தவளுக்குத் தெரியும். அவருடைய வலது கால், பயிற்சிக் காரில் வாத்தியாருக்கென்று இருக்கும் பிரேக்கை மிதிப்பதுபோல, தரையை அழுத்திக்கொண்டே இருந்தது.