நாலாவது காய்

ஆட்டத்தை உருவாக்கியவர்கள் சோதனை ஆட்டத்தின்போது வாய் திறக்கக் கூடாது. நான்கு ஜூனியர்கள் ஆடுவதை மெர்சியும் இர்பானும் கோதையும் சுவரோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அட்டையில் வரைந்த வெள்ளத்தில் நான்கு காய்கள். நாலாவது, அவர்களோடு சேர்ந்து இந்த ஆட்டத்தை உருவாக்கி, போன மாதம் காய்ச்சலில் இறந்த சேந்தனின் சட்டைப் பொத்தான். ஒரு காய் குறைந்தபோது அவனே பிய்த்து வைத்தது. மூழ்கியவனைத் தூக்க மற்ற மூவரும் தங்கள் முறையை விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற விதியும் அவனுடையதுதான்.

பொத்தான் மூழ்கியது.

"டேய், என்னைத் தூக்குங்கடா!" என்று சிரித்தான் அதை ஆடிய ஜூனியர்.

"போடா, நாங்க கரைக்குப் போறோம்."

ஆடி முடித்து எழுந்தவர்களில் ஒருவன், "கேம் சூப்பர்க்கா. அந்தத் தூக்குற ரூல் மட்டும் வேணாம், யாரும் செய்யமாட்டாங்க" என்றான்.

அவர்கள் போன பிறகும் அட்டையை மடிக்க யாரும் கை நீட்டவில்லை.

"என் டர்ன விட்டுக்குடுக்கறேன்" என்றாள் மெர்சி.

"நானும்" என்றான் இர்பான். கோதை தலையை மட்டும் ஆட்டினாள்.

மெர்சி பொத்தானை எடுத்துப் படகில் வைத்தாள். தூக்கப்பட்டவன்தான் அடுத்துப் பகடை உருட்ட வேண்டும். பகடையைப் பொத்தானுக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்துவிட்டு, மூவரும் காத்திருந்தார்கள்.