அக்கா அலையும் தங்கச்சி அலையும்

அந்தக் கடலில் சாது அலை, முரட்டு அலை என்று இரண்டே வகை. காகம் தினமும் காலையில் பழசு புதுசு எல்லா அலைகளையும் முதலிலிருந்து வகை பிரிக்கும். முதலில் கண்ணில் பட்ட வகைக்கு ‘அக்கா’, மற்றதற்குத் ‘தங்கச்சி’ என்று பெயர் வைக்கும்.

“அக்கா வர்றா!” என்று கத்தியது காகம்.

நேற்று அக்கா சாது. அதை நம்பி நண்டு ஆடிக்கொண்டே இறங்கியது. அலை அதைக் குட்டிக்கரணம் போடவைத்துக் கரையில் வீசியது.

“அடப்பாவி, இவ தங்கச்சிடா!” என்று கத்தியது நண்டு.

“பிரிச்சது சரிதான். இன்னைக்கு முரடு முதல்ல கண்ணுல பட்டுச்சு, பேருதான் இடம் மாறிடுச்சு” என்றது காகம்.

“இனிமே என்னைக் கவுக்கிறவதான் தங்கச்சி. மாத்தாதே!”

“சத்தியமா மாத்த மாட்டேன்!”

மறுநாள் வகை பிரித்து முடித்ததும், காகம் நண்டின் காலைக் கவ்வித் தூக்கிவந்து அலை மோதும் இடத்தில் இறக்கியது.

“என்னை எதுக்குடா தூக்கிட்டு வந்தே?”

“நீ கவுந்தாத்தானே நான் பேரு வைக்க முடியும்!”