கயிறு வேண்டாம்

"அப்போ கட்டிப் போட்டுடுங்க தம்பி. கயிறு நானே கொண்டாந்திருக்கேன்."

"கயிறு வேணாம்மா. பதினோரு மணி வரைக்கும் எங்க சார் டைம் குடுத்திருக்காரு."

"போன வருசமும் இப்பிடித்தான் சொன்னாங்க. கடசீல நாலு பேரு அமுக்கிப் புடிச்சித்தான் பல்லப் புடுங்கினாங்க. அப்புறம் மூணு மாசம் நாற்காலியப் பாத்தாலே ஓடிக்கினு இருந்தான்."

சொன்னவள் கிளியம்மாள். மரக்காணம் பக்கத்துக் குப்பத்துக்காரி. டாக்டர்களிடம் பேசும் ஊர்ப் பெண்களைப் போல முந்தானையால் வாயைப் பொத்தியபடி சுவரோரம் நின்றிருந்தாள். நாற்காலியில் அவள் மகன் சின்னதுரை. உடம்புக்கு இருபத்து நான்கு வயது, மனசுக்கு நாலு. கன்னத்தை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு முனகினான்.

அவளுக்குப் பதில் சொன்ன தெய்வசிகாமணி கடிகாரத்தைப் பார்த்தான். பத்து முப்பத்தைந்து. திண்டிவனத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் நடந்த முகாம் அது. மெட்ராசிலிருந்து அவனோடு வந்த மற்றப் பல் மருத்துவ மாணவர்கள் சுற்றி நின்றார்கள்.

பேராசிரியர் கோதண்டபாணி காலையிலேயே சொல்லிவிட்டார். "கட்டாம வாயத் தொறக்க வைக்கணும். அதான் இன்னிக்குப் பாடம். முடியலேன்னா பதினோரு மணிக்குக் கட்டித்தான் ஆகணும். உள்ள சீழ் வெச்சிருந்தா உயிருக்கே ஆபத்து."

"எத்தினி நாளா வலிம்மா?"

"பத்து நாளா. சோத்தக் கண்டா கன்னத்தப் புடிச்சிக்கினு அழுவுறான். கேப்பைக் கூழுகூட ஒரு பக்கமாத்தான் முழுங்குறான். ராவெல்லாம் குந்திக்கினே இருக்கான்."

"நீங்களும் தூங்கல போல."

"என்னை வுடுங்க. அவனைப் பாருங்க."

தெய்வசிகாமணி குட்டிக் கண்ணாடியை நீட்டினான். சின்னதுரை அதைத் தட்டிவிட்டான். அது மேசைக்கடியில் போய் விழுந்தது.

"விரலு பத்திரம்டா," என்றான் ஒருவன் பின்னாலிருந்து. "போன வருஷம் சீனியரைக் கடிச்சவன் இவன்தான்."

பத்து ஐம்பது. பேராசிரியர் எழுந்து வந்து கயிற்றைக் கையில் எடுத்தார். அதைப் பார்த்ததும் சின்னதுரை நாற்காலியிலிருந்து இறங்கப் பார்த்தான்.

"சார், இன்னும் பத்து நிமிஷம் இருக்கு."

தெய்வசிகாமணி சட்டென்று தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். சின்னதுரையின் முகத்தைப் பார்த்தபடி, தன் வாயை அகலமாகத் திறந்தான். திறந்தபடியே இருந்தான். எச்சில் வழிந்தது. யாரோ சிரித்தார்கள்.

முனகல் நின்றது. சின்னதுரை கையைக் கன்னத்திலிருந்து எடுத்தான். மெல்ல, அவனைப் போலவே, வாயைத் திறந்தான்.

சிரிப்பு அடங்கியது. தெய்வசிகாமணி முழங்காலிட்டு எழுந்து டார்ச்சை அடித்தான். மேல்வரிசை, கீழ்வரிசை, கடைவாய். இன்னொரு முறை பார்த்தான். போன வருஷம் பிடுங்கிய இடம் நன்றாக ஆறியிருந்தது. சொத்தை இல்லை, வீக்கம் இல்லை, சீழும் இல்லை. எல்லாப் பல்லும் பளிச்சென்றிருந்தன.

"ஒண்ணுமே இல்லியே சார்," என்றான் குழப்பத்தோடு.

அதற்குள் சின்னதுரை முகத்தைத் திருப்பிச் சுவர்ப்பக்கம் பார்த்தான். பார்த்ததும் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. பழையபடி முனகினான்.

தெய்வசிகாமணியும் அந்தப் பக்கம் திரும்பினான். வந்ததிலிருந்து இப்போதுதான் கிளியம்மாளை நேராகப் பார்க்கிறான். துணிக்கு மேலே அவளுடைய உள்ளங்கை அதே கன்னத்தை அழுத்திக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே கழுத்து வரை வீங்கிக் கிடந்தது.

"அம்மா, நீங்க ஒரு நிமிஷம் வாயத் தொறங்க."