வாயைத் திறக்காதீங்க

"டிரம்பெட்டை இந்த மாசத்தோட விட்டுடுங்க" என்று டாக்டர் சொன்னதும் அவளுக்கு எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது.

டாக்டர் மேல் தப்பில்லை. மூச்சின் வேகத்தை அளக்க அவர் நீட்டிய குழாயில் அவள் புருஷன் கன்னம் புடைக்கத்தான் ஊதினார். அதிலிருந்த முள், ஏதோ பாவம் பார்த்ததுபோல் கொஞ்சம் நகர்ந்து நின்றுவிட்டது.

ஆனால் பேண்டில் ஊதுவதை விட்டால் இந்த மனுஷன் என்ன ஆவார்? வேறு வேலையும் தெரியாது. போன தடவை காய்ச்சலில் சில நாள் வாத்தியத்தைத் தொடாமல் இருந்ததற்கே சுவரை வெறித்தபடி உட்கார்ந்திருந்தார். சாப்பிடக்கூட நாலு தடவை கூப்பிட வேண்டியிருந்தது.

இன்னும் என்னதான் செய்யச் சொல்கிறார்கள்?

அவருக்கு ஆஸ்துமா என்று தெரிந்த நாளிலிருந்து அவள் வீட்டையே புரட்டிப் போட்டிருந்தாள். கம்பளம் போயிற்று. திரைச்சீலை போயிற்று, இப்போது எதிர்வீட்டுக்காரி இவர்கள் சாப்பிடுவதை வேடிக்கை பார்க்கிறாள். தலையணைக்கு பிளாஸ்டிக் உறை, புரண்டு படுத்தால் சரசரவென்று சத்தம். பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்த பூனையைத் தங்கச்சி வீட்டில் விட்டுவிட்டு வந்து, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். பவுடர் பூசிக்கூட எத்தனையோ மாசம் ஆகிறது.

போதாததற்கு மூச்சுப் பயிற்சி. மூக்கால் இழு, உதட்டைக் குவித்து மெல்ல விடு. வாயால் இழுத்தால் தூசியும் குளிர்காற்றும் நேரே நெஞ்சுக்குப் போய்விடும் என்று வேலை பார்க்கும் துணிக்கடையில் யாரோ சொல்லக் கேட்டு வந்தாள். அன்றிலிருந்து அவர் வாயைத் திறந்தாலே அதட்டல்தான்.

"வாயைத் திறக்காதீங்க! மூக்கால, மூக்கால!"

அவரும் மறுபேச்சில்லாமல் மூடிக்கொள்வார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் பேச்சை அவர் ஒழுங்காகக் கேட்டது இந்த ஒரு விஷயத்தில்தான்.

அப்படியும் அந்தப் பாழாய்ப்போன முள் அசைய மாட்டேன் என்கிறது. துணிக்கடையில் அரைநாள் லீவு கேட்டு, மேனேஜரின் உம்மணாமூஞ்சியைச் சகித்துக்கொண்டு வந்ததற்கு இதுதான் பலனா?

"பூனையை அனுப்பியாச்சு, கம்பளத்தைக் கொடுத்தாச்சு. அடுத்து நானும் கிளம்பிடட்டுமா டாக்டர்?" என்று கேட்டேவிட்டாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. இன்ஹேலரை ஒழுங்காக எடுக்கிறாரா என்று மட்டும் கேட்டார்.

அதிலெல்லாம் குறையே இல்லை. பால்கனியில் நின்று, தெருவைப் பார்த்தபடி, வேளை தவறாமல் எடுப்பார். 'புஸ்' என்ற சத்தம் சமையலறை வரை கேட்கும். அதைக் கேட்ட பிறகுதான் அவளுக்கு அடுத்த வேலையே ஓடும்.

"எங்கே, எப்படி எடுக்கிறீங்கன்னு காட்டுங்க" என்று நர்ஸ் கிட்டே வந்து குனிந்தார்.

புருஷன் தன் சட்டைப் பையிலிருந்து இன்ஹேலரை எடுத்தார். ஒரு குலுக்குக் குலுக்கினார். கைக்குட்டையால் உதட்டைத் துடைத்துக்கொண்டார். ஊர்வலத்துக்கு முன்னால் நிற்பவர்போல் முதுகு நிமிர்ந்தது. மூக்கால் ஆழமாக மூச்சை இழுத்து நிரப்பிக்கொண்டு, வாயில் பொருத்தி அழுத்தினார்.

ஊதினார்.

மருந்து முழுக்க அதன் தலைப்பக்கமாகப் புகைபோலக் கிளம்பி, நர்ஸின் மூக்குக்கண்ணாடியில் படிந்தது.

நர்ஸ் கண்ணாடியைக் கழற்றினார்.

அடக்கடவுளே! இத்தனை மாசமாக வாங்கிய மருந்தெல்லாம் தெருவில் போகிறவன் வருகிறவன் நெஞ்சுக்கா போயிருக்கிறது?

நர்ஸ் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொல்லிக்கொடுத்தார். முதலில் மூச்சை வெளியே விட்டுவிட வேண்டும். அழுத்தும்போது வாயால் உள்ளே இழுக்க வேண்டும். இழுத்ததைக் கொஞ்சம் பிடித்து வைக்க வேண்டும். அவருக்கோ வரவே மாட்டேன் என்றது. உதட்டில் ஏதாவது பட்டால் போதும், கன்னம் தானாகப் புடைத்துக்கொண்டது. விவரம் தெரிந்த நாளிலிருந்து வாயில் வைத்ததையெல்லாம் ஊதியே பழகிய உடம்பு. நர்ஸ் பொறுமையிழந்து கன்னத்தை அழுத்திப் பிடித்துக்கொண்ட பிறகுதான் மருந்து ஒருவழியாக உள்ளே போனது.

ஒரு மாசம் இப்படி எடுக்கட்டும், டிரம்பெட்டைப் பற்றி அப்புறம் பேசலாம் என்றார் டாக்டர். கொஞ்ச நேரம் வெளியே உட்கார்ந்துவிட்டுப் போகச் சொன்னார்.

பெஞ்சில் உட்கார்ந்த சற்று நேரத்துக்கெல்லாம் அவளால் தாங்க முடியவில்லை.

"அறிவிருக்கா உங்களுக்கு? மருந்து வெளிய போறதுகூடவா தெரியல?"

அவர் நெஞ்சின் மேல் கையை வைத்து எதையோ கவனித்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல அவள் பக்கம் திரும்பினார்.

"முதல் நாளே பால்கனியிலேர்ந்து ஓடி வந்து, இது புகையா வெளியதான் போகுது, இதை ஊதணுமா உறிஞ்சணுமான்னு கேட்க வாயைத் திறந்தேன், நீ வாயை மூடு மூக்கால மூச்சு விடுன்னு கத்தின, மறுநாளும் கேட்க வந்தேன் அப்பவும் கத்தின, சரி இங்க கொடுக்கிற குழாயையும் ஊதத்தானே சொல்றாங்க, இதுவும் அப்படித்தான் போலன்னு விட்டுட்டேன், இப்ப வந்து என்னைப் பார்த்து அறிவிருக்கான்னு கேட்கிறியா?"

அவளிடம் பதில் இல்லாமல் இல்லை. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

ஆனால் அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ மாசமாக நாலு வார்த்தைக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கிய மனுஷன், இவ்வளவையும் நடுவில் எங்கேயும் நிறுத்தாமல் சொல்லி முடித்திருந்தார்.

"இன்னும் கொஞ்சம் திட்டுங்க" என்றாள்.