கண்ணாடியில் ஒரு கீறல்

“வெறும் குடைக்கும் பழைய பைக்குமா அத்தான் க்ளெய்ம் போடப் போறீங்க? கேட்கிறவன் சிரிப்பான்.”

பல் டாக்டரின் மச்சான் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். க்ளினிக் வாசலில் நிறுத்தியிருந்த காரின் கண்ணாடியை உடைத்து எவனோ திருடிவிட்டான் என்று கேள்விப்பட்டதும் முதல் ஆளாக ஓடி வந்தவன் அவன்தான். வந்தவன் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. பேனாவைத் திறந்தான்.

“போனது அவ்வளவுதானேடா” என்றார் டாக்டர்.

“போனது அவ்வளவுதான். பையில ஒரு வாட்ச் இருந்துச்சுன்னு வைங்க. ஒரு மோதிரம் இருந்துச்சுன்னு வைங்க. வருஷா வருஷம் பணம் கட்டுறீங்களே, கம்பெனிக்காரன் என்னைக்காவது உங்களைக் கூப்பிட்டு ஒரு காபி வாங்கிக் கொடுத்தானா?”

யோசித்துப் பார்த்தால் கொடுக்கவில்லைதான். டாக்டருக்கு அது ரொம்ப அநியாயமாகப் பட்டது.

“சரி, என்ன வாட்ச்னு எழுதப் போற?”

“என்னைக் கேட்டா? உங்க வாட்ச், நீங்கதான் சொல்லணும்.”

டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். “கறுப்பு டயல். பழுப்புத் தோல் வார்.”

“பத்தாது அத்தான். அடையாளம் ஒண்ணு வேணும். அடையாளம் சொன்னாத்தான் பொருளுக்கு உயிர் வரும்.”

“கண்ணாடியில ஒரு கீறல். நாலு மணிக்கு முள்ளு நிக்கிற இடத்துக்குப் பக்கத்துல.”

“அபாரம். மோதிரம்?”

“சிவப்புக் கல்.”

புகார் நகல் இல்லாமல் கம்பெனி பணம் தராது. அதனால் அதையே போலீஸ் ஸ்டேஷனிலும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

கொஞ்ச நாள் கழித்து, ஒருவருடைய கடைவாய்ப் பல்லைக் குடைந்துகொண்டிருந்தபோது போன் வந்தது.

“டாக்டர், ஆளைப் பிடிச்சாச்சு. உங்க சாமான் கிடைச்சிருச்சு. வந்து வாங்கிட்டுப் போங்க.”

“குடையா?”

“எல்லாமே சார்.”

நோயாளி வாயைத் திறந்தபடியே காத்திருந்தார். டாக்டருக்குக் குடைவதற்குக் கை வரவில்லை.

ஸ்டேஷனில் ஒரு போலீஸ்காரர் பாலிதீன் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேஜை மேல் வைத்தார். குடை, அவருடையது. பை, அவருடையது. அடுத்து ஒரு வாட்ச். கறுப்பு டயல், பழுப்புத் தோல் வார்.

“எடுத்துப் பாருங்க சார்.”

எடுத்தார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். நாலுக்குப் பக்கத்தில், அவர் கண்ணை மூடிக்கொண்டு பார்த்த அதே இடத்தில், கீறல் இருந்தது.

எங்கேயும் இல்லாத வாட்ச், அவருடைய உள்ளங்கையில் டிக் டிக்கென்று ஓடிக்கொண்டிருந்தது.

போலீஸ்காரர் மோதிரத்தை வைத்தார். சிவப்புக் கல்.

“இதெல்லாம்... எங்கே இருந்துச்சு?”

“திருடன் வீட்டுல இருந்துதான் வந்துச்சு. ஏன் சார், உங்களுது இல்லையா?”

இல்லை என்றால் பொய்ப் புகார். நாளைக்கே க்ளினிக் போர்டைக் கழற்றிவிட்டு, ஊர் வாயில் அரைபட வேண்டியதுதான். ஆமாம் என்றால், தன் தலைக்குள்ளே மட்டும் இருந்த ஒன்றை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். எது பெரிய பயம் என்று அவருக்கே தெரியவில்லை.

“என்னுதுதான்” என்று கையெழுத்துப் போட்டார். கையெழுத்து அவருடையது மாதிரி இல்லை.

வராந்தாவுக்கு வந்து மச்சானுக்குப் போன் செய்தார்.

“டேய், அந்த வாட்ச் வந்திருச்சுடா.”

“எந்த வாட்ச்?”

“நாம எழுதினது.”

“விளையாடாதீங்க அத்தான்.”

“கீறல்கூட இருக்குடா.”

மறுபக்கம் போன் கட்டாகிவிட்டது.

காரிடம் போனார். புதிதாகப் போட்ட ஜன்னல் கண்ணாடியில், அவர் முகத்துக்குப் பின்னால் இன்னொரு முகம் தெரிந்தது. பதறித் திரும்பினார்.

வயதான பெண். எவ்வளவு நேரமாக அங்கே நிற்கிறாளோ.

“நான் அவனோட அம்மாய்யா. உங்க காரை உடைச்சானே, அவனோட அம்மா. எல்லாம் சரியா இருந்துச்சா?”

“ம்.”

“கீறல் சரியான இடத்துல இருக்காய்யா? கடையில வாங்குறப்போ கீறல் இல்ல. நான்தான் ஊசியால போட்டேன்.”

டாக்டர் வாட்சைத் திருப்பி அந்தக் கீறலைப் பார்த்தார்.

“ஸ்டேஷன்ல லிஸ்ட்டைப் படிச்சுக் காட்டினாங்க. பொருளெல்லாம் வந்து சேர்ந்து, நீங்களும் மனசு வைச்சா அவனை விட்டுருவாங்களாம். வாட்சையும் மோதிரத்தையும் எங்கே வித்துத் தொலைச்சானோ, எவ்வளவோ கேட்டுப் பார்த்தேன், வாயே திறக்க மாட்டேங்கிறான். அதான் கட்டிலையும் ஃபேனையும் வித்துட்டு அதே மாதிரி வாட்ச் தேடி வாங்கினேன். மோதிரம் என்னோடது. கல்லு சிவப்புதான், கொஞ்சம் மங்கியிருக்கும். பெரிசு பண்ணாதீங்கய்யா.”

“அம்மா... உங்க மகன்...” என்று ஆரம்பித்தார் டாக்டர்.

“அவனுக்காகப் பரிஞ்சு பேசாதீங்கய்யா. குடையும் பையும்தான் எடுத்தேன்னு இன்னமும் சாதிக்கிறான். பெத்தவகிட்டயே பொய். ‘ஒரு டாக்டர் எதுக்குடா பொய் சொல்லப் போறாரு’ன்னு கேட்டுக் கேட்டுத்தான் அவனை அடிச்சேன்.”