மூன்றாவது ஸ்க்ரூ

ஐந்து வயதுச் சிறுமியின் இடுப்பெலும்பில் டாக்டர் பொருத்தியது இரண்டே இரண்டு ஸ்க்ரூ. தையல் போடுவதற்கு முன், இயந்திரம் மேசையைச் சுற்றி வந்து எடுத்த முப்பரிமாணப் படத்தில் தெரிந்ததோ மூன்று.

டாக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“சிஸ்டர், எண்ணிப் பாருங்க!”

“எண்ணிட்டேன் சார். பெட்டியில பத்து இருந்துச்சு. மிச்சம் எட்டு இருக்கு.”

“அப்ப இது என்ன, வானத்துலேருந்து குதிச்சுதா? உங்க கவனமெல்லாம் எங்க இருக்கு?”

சிஸ்டர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மறுபடி எண்ணினார். அதே எட்டு.

மயக்க மருந்து கொடுத்த டாக்டர், திரையில் படத்தைத் திருப்பிப் பார்த்தார்.

“சார், இது எலும்புலயே இல்ல. குடல்ல இருக்கு!”

“குடல்லயா? நான் அந்தப் பக்கமே போகலையே!”

எங்கும் குத்தவில்லை, தானாக வெளியே வந்துவிடும் என்று உறுதியான பிறகுதான் அறுவை செய்த டாக்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மாலையில் கண்விழித்த சிறுமி, அவரைக் கண்டதும் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள்.

“டாக்டர் மாமா, ரெண்டு ஸ்க்ரூ போடணும்னு சொன்னீங்கல்ல? பயப்படாம இருக்கணும்னு நேத்து உங்க சட்டைப் பையிலேருந்து ஒண்ணு எடுத்துக் குடுத்தீங்களே, அதை நானே முழுங்கி உள்ள போட்டுக்கிட்டேன். இன்னிக்கு உங்களுக்குப் பாதி வேலைதானே?”

டாக்டர் விட்டத்தைப் பார்த்தார்.

“சார்,” என்றார் சிஸ்டர் பவ்யமாக, “இனிமே உங்க சட்டைப் பையையும் சேத்தே எண்ணிடவா?”