டீசல் தேடிய படகு

ஏரியில் மிதந்த சென்சாருக்கு ஒரே வேலைதான். தண்ணீரில் எண்ணெய் கலந்தால் சிவப்பு விளக்கைப் போட்டு அலற வேண்டும். அன்று ரோந்துப் படகு பக்கத்தில் வந்ததுமே அலறியது.

"எவன்டா டீசலைக் கலந்தவன்?" என்று படகு உறுமியது.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. கொஞ்சம் உங்க பின்னாடி பாருங்க."

படகு சட்டென்று திரும்பியது. ஒழுகும் இன்ஜினும் கூடவே திரும்பியது.

"ஒருத்தனையும் காணோமே தம்பி. ஓடிட்டான்போல. விடமாட்டேன்."

ஏரி முழுக்கச் சுற்றித் தேடிவிட்டு, மூச்சு வாங்க வந்து நின்றது படகு.

"மூலைமுடுக்கெல்லாம் டீசல்தான். நீ கத்தினது நல்லதாப் போச்சு. இனி நீ ஒரு குரல் கொடு, எந்த வேலையா இருந்தாலும் போட்டுட்டு ஓடி வர்றேன்."

படகு போனதும் சென்சார் ஏரியை ஒருமுறை சுற்றிப் பார்த்தது. பிறகு அதைக் காப்பாற்ற வேறு வழி தெரியாமல், விளக்கை அணைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டது.